ஓட்டே விழாமல் ஜெயித்தவர்

1962 பிப்ரவரி. திருச்செந்தூர் பக்கத்தில் ஏதோ ஒரு பள்ளிக்கூடம், ஓட்டுச்சாவடி வேஷம் கட்டியிருக்கிறது. கோயிலுக்குப் போய்விட்டு நெற்றியில் இலை விபூதியோடு ஓர் அண்ணாச்சி வரிசையில் நிற்கிறார். அந்தத் தேர்தலில் ஆளுக்கு இரண்டு சீட்டு. டெல்லிக்கு ஒன்று, மெட்ராஸ் சட்டசபைக்கு ஒன்று. இவர் கையில் ஒன்றைத்தான் கொடுத்தார்கள்.

"இன்னொண்ணு எங்க சார்?"

"அது உங்க தொகுதிக்குக் கிடையாது அண்ணாச்சி. டெல்லிக்கு ஏற்கெனவே ஆள் ஜெயிச்சாச்சு."

"யாரு ஓட்டுப் போட்டு?"

"யாரும் போடல. அதான் ஜெயிச்சாரு."

உரையாடல் என் சொந்தச் சரக்கு. ஆனால் விஷயம் அத்தனையும் நிஜம். திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியில் அந்த வருஷம் ஒரே ஒருவர்தான் களத்தில் நின்றார். வேட்புமனுவை வாபஸ் வாங்கும் கடைசி நாள் முடிந்ததும் ஒரு நாற்காலிக்கு ஒரு ஆள் என்று கணக்கு நேராகிவிட்டால், தேர்தல் அதிகாரி அங்கேயே முடிவை அறிவித்துவிடவேண்டும் என்கிறது 1951ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். பெட்டி வேண்டாம், எண்ணிக்கை வேண்டாம், காங்கிரஸின் இரட்டைக் காளைக்கு முத்திரை குத்தும் சிரமமும் வேண்டாம். அழியாத மை என்ற மைசூர்ச் சரக்கு முதன்முதலாக இந்திய விரல்களில் ஏறியதும் அதே தேர்தலில்தான். திருச்செந்தூர் விரலுக்கும் அது வந்தது, சட்டசபைக்காக. டெல்லிப் பங்குக்கு ஒரு புள்ளி மையும் செலவாகவில்லை.

அப்படி ஜெயித்தவர் திருவள்ளூர் தட்டாய் கிருஷ்ணமாச்சாரி. சுருக்கமாக டி.டி.கே. அந்த வருஷம் இந்தியா முழுவதிலும் மக்களவைக்குப் போட்டியின்றிப் போனவர்கள் மூன்றே பேர். ஒருவர் டெஹ்ரி கட்வால் மகாராஜா மானவேந்திர ஷா. இன்னொருவர் ஒரிஸ்ஸாவில் முதலமைச்சராக இருந்த ஹரேகிருஷ்ண மகதாப். மூன்றாமவர் நம்ம ஆள். மகாராஜா அவருடைய ஊரில் நின்றார், மகதாப் அவருடைய மாநிலத்தில் நின்றார். நம்மவருக்கும் திருச்செந்தூருக்கும் என்ன உறவு என்று கேட்டால், மாமன் மருமகன் உறவு என்றுதான் சொல்லவேண்டும். அவர் மயிலாப்பூர் பக்கத்து வைணவ வீட்டுப் பிள்ளை, ஊரோ மால்மருகன் ஊர். மருமகன் வீட்டுக்கு மாமன் கட்சிக்காரர் வந்து ஐந்து வருஷம் உட்கார்ந்ததை முருகன் ஆட்சேபித்ததாகத் தகவல் இல்லை.

அதற்கு முந்தின வருஷம், 1961இல், தூத்துக்குடிக் கடலில் அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு முடிந்துபோனது. 1955இல் தொடங்கி வருஷாவருஷம் நடந்த குளிப்பு, சிப்பி தீர்ந்து நின்றது. ஆக அந்தக் கரையில் 61இல் முத்தெடுப்பது நின்றது, 62இல் எம்.பி.யைத் தேர்ந்தெடுப்பது நின்றது.

சென்னைக்காரர்களுக்கு டி.டி.கே. என்றால் ஒரு ரோடு. பழைய மௌபரீஸ் ரோடு. கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு மியூசிக் அகாடமி அரங்கம். வீட்டில் இருப்பவர்களுக்குக் குக்கர். 1928இல் அவர் தொடங்கிய ஏஜென்சி, வெளிநாட்டுச் சரக்கைக் கொண்டுவந்து கடை கடையாக விற்றது. அந்த வியாபாரி 1952இல் மத்திய வர்த்தக, தொழில் அமைச்சராகி, வெளிநாட்டுச் சரக்குக்குக் கதவைச் சாத்துகிற கொள்கைக்கே காவல்காரரானார். இறக்குமதியையே நம்பியிருந்த குடும்பக் கம்பெனி திண்டாடி, கடைசியில் குக்கர் செய்யக் கற்றுக்கொண்டது. சொந்த வீட்டுக் கடையைச் சாத்தவைத்த அமைச்சர் என்று பார்த்தால் அரசியலில் இவருக்கு ஒரு தனி நாற்காலி போடவேண்டும்.

நாற்காலி என்றதும் 1948 ஞாபகம் வருகிறது. டி.டி.கே.யின் விசேஷத் திறமை, யார் எங்கே வரவில்லை என்று கணக்கெடுப்பது. 1948 நவம்பர் 5ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, வரைவுக் குழுவின் வருகைப் பதிவேட்டைப் படித்தார். குழுவில் ஏழு பேர். ஒருவர் ராஜினாமா, இடம் நிரப்பப்பட்டது. ஒருவர் செத்துப்போனார், இடம் நிரப்பப்படவில்லை. ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார். இன்னொருவருக்கு ராஜாங்க வேலை. ஒன்றிரண்டு பேர் டெல்லிக்கு வெகு தூரம், உடம்பும் சரியில்லைபோல. ஆக மொத்தம் சுமை முழுவதும் அம்பேத்கர் தலையில்தான் விழுந்தது என்றார். இன்றுவரை அரசியல் சட்டத்தை யார் எழுதினார் என்று சண்டை வரும்போதெல்லாம் இந்தப் பேச்சைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள். இதில் வேடிக்கை, அந்தச் செத்துப்போனவர் டி.பி. கேதான் என்பவர். அவருடைய காலி நாற்காலியில் பின்னாளில் உட்கார்ந்தவர் டி.டி.கே.யேதான். காலி இடத்தைச் சுட்டிக்காட்டுகிறவனுக்கே அதைக் கொடுத்துவிடும் வழக்கம் டெல்லியில் அன்றே இருந்திருக்கிறது.

அதே பேச்சில் இந்திக்காரர்களுக்கும் ஒரு குட்டு வைத்தார். உங்களுக்கு முழு இந்தியா வேண்டுமா, இந்தி இந்தியா வேண்டுமா, முடிவு செய்துகொள்ளுங்கள் என்ற பாணியில். தெற்கிலிருந்து போன ஆள் ஒருவர் அந்தச் சபையில் இங்கிலீஷிலேயே இவ்வளவு காரமாகப் பேச முடியும் என்று வடக்கத்தியர்களுக்குத் தெரியவந்த நாள் அது.

1956 ஆகஸ்டில் நிதி அமைச்சரானார். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் பிறந்த சூடு. அரசாங்கத் துறைக்கு மட்டும் 4,800 கோடி ரூபாய் என்று காகிதத்தில் இருந்தது. பிலாய், ரூர்கேலா, துர்காபூர் என்று மூன்று உருக்காலைகள். மகலனோபிஸ் என்ற புள்ளியியல் பேராசிரியர் போட்ட கணக்கு, முதலில் இரும்பு, பிறகு இரும்பு செய்யும் இயந்திரம், சோறு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது. யுத்தகாலத்தில் லண்டனில் சேர்ந்திருந்த ஸ்டெர்லிங் கையிருப்பு மடமடவென்று கரைந்தது. 1957 முடிவதற்குள் நிதி அமைச்சர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாஷிங்டனுக்குக் கடன் கேட்கப் போகவேண்டியதாயிற்று.

திருச்செந்தூர் சன்னதித் தெருவுக்கு இந்தத் திட்டமெல்லாம் எட்டியதோ என்னவோ, ஒன்று கண்டிப்பாக எட்டியது. 1957 ஏப்ரல் 1. நயா பைசா. சட்டம் 1955லேயே வந்துவிட்டது, ஆனால் அது கல்லாப்பெட்டிக்குள் இறங்கிய நாளில் நிதி அமைச்சர் டி.டி.கே. ரூபாய்க்கு 16 அணா என்று தாத்தா காலத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தவன் இனி 100 பைசா என்று எண்ணவேண்டும். ஒரு அணா என்பது ஆறேகால் பைசா. கால் பைசாவை எங்கே போய்த் தேடுவது? அதனால் சர்க்காரே ஒரு பட்டியல் போட்டது. காலணாவுக்கு 2 பைசா, அரையணாவுக்கு 3, முக்காலணாவுக்கு 5, முழு அணாவுக்கு 6. இதை உற்றுப் பாருங்கள். ஒரு அணா விலையுள்ள உடன்குடிக் கருப்பட்டியை மொத்தமாகக் கொடுத்தால் கடைக்காரருக்கு 6 பைசா. அதையே நாலு சில்லாக உடைத்து, நாலு பேருக்குக் காலணா வீதம் கொடுத்தால் 8 பைசா! மகலனோபிஸ் கணக்கு புரியாத கடைக்காரர்களுக்கும் இந்தக் கணக்கு ஒரே நாளில் புரிந்திருக்கும். இந்தியாவில் சிறுதொழில் வளர்ச்சிக்கு அரசு செய்த நேரடியான உதவி இதுதான் என்று தோன்றுகிறது.

மே மாதம் பட்ஜெட். பணக்காரன் வைத்திருந்தால் சொத்து வரி, செலவு செய்தால் செலவு வரி. கேம்பிரிட்ஜிலிருந்து வந்த நிக்கலஸ் கால்டார் என்ற பொருளாதார அறிஞர் கொடுத்த யோசனை. வைத்தாலும் வரி, தொலைத்தாலும் வரி என்றால் பம்பாய்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? செலவு வரியின் ஜாதகம் தனிக்கதை. டி.டி.கே. கொண்டுவந்தார். 1962இல் நிதி அமைச்சராக இருந்த மொரார்ஜி தேசாய் ஒழித்தார். மறுபடி வந்த டி.டி.கே. 1964இல் அதை மறுபடி எழுப்பினார். 1966இல் அவருக்கு அடுத்து வந்த சச்சின் சௌதுரி மறுபடி புதைத்தார். அந்த வரியை வசூலித்து நிரம்பியது கஜானாவா, அதை எழுதியும் அடித்தும் நிரம்பியது கெஜட்டா என்று கேட்டால், நான் கெஜட் பக்கம் சாய்வேன்.

நாக்கும் நீளம். ரிசர்வ் வங்கி என்பது நிதி அமைச்சகத்தின் ஒரு பிரிவுதானே என்ற தொனியில் பேசினார். பில்களுக்கான முத்திரைக் கட்டணத்தைக் கூட்டி, வட்டி விகிதத்தை வங்கிக்குத் தெரியாமலே ஏற்றிவிட்டதாக கவர்னர் பெனகல் ராமா ராவுக்கு ஏற்கெனவே ஆத்திரம். ஏழரை வருஷம் அந்த நாற்காலியில் இருந்தவர், 1957 ஜனவரியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டுப் போனார். வருகைப் பதிவேட்டில் இன்னொரு பெயருக்கு எதிரே கோடு.

அடுத்த கோடு அவருடைய பெயருக்கே விழுந்தது. ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரியின் ஆறு கம்பெனிகளில், புதிதாகத் தேசியமயமான எல்.ஐ.சி. 1957 ஜூனில் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. கம்பெனிகள் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தவை. டிசம்பரில் இதை மக்களவையில் பிட்டுப் பிட்டு வைத்தவர் ஃபெரோஸ் காந்தி, காங்கிரஸ்காரர், போதாக்குறைக்கு நேருவின் மருமகன். (டி.டி.கே. அவரை மாமனார் வீட்டு நாய்க்குட்டி என்றதாகவும், நீங்கள் அரசாங்கத்தின் தூண் அல்லவா, தூணுக்கு நாய் என்ன செய்யுமோ அதைச் செய்கிறேன் என்று ஃபெரோஸ் பதில் சொன்னதாகவும் டெல்லியில் ஒரு வாய்வழிக் கதை உண்டு. சபைக்குறிப்பில் தேடாதீர்கள், இந்த மாதிரிக் கதைக்குச் சபைக்குறிப்பு தேவையும் இல்லை.)

விசாரணைக்கு பம்பாய்த் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவைப் போட்டார்கள். இன்றைய கமிஷன்கள் கேட்டால் மயங்கி விழும்: மொத்தம் 24 நாள். அதுவும் பகிரங்க விசாரணை. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டி, கோயில் கொடை மாதிரி ஊருக்கே கேட்கவைத்தார்கள். வழக்கின் நடு முடிச்சு என்ன? அமைச்சரிடம் சொன்னேன் என்றார் நிதிச் செயலாளர் எச்.எம். படேல். நான் சம்மதிக்கவில்லை என்றார் அமைச்சர். அடுத்தவர்கள் வரவில்லை என்று பத்து வருஷத்துக்கு முன் கணக்குச் சொன்னவர், இப்போது தான் அங்கே இல்லை என்று சொல்லவேண்டிய நிலை. செயலாளர் செய்ததற்கு அமைச்சர்தான் பொறுப்பு என்று சாக்ளா எழுதிவிட்டார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. வீட்டுக்குப் போனார். பட்ஜெட்டோ மாதக் கடைசியில். வேறு வழியில்லாமல் பிரதமர் நேருவே நின்று வாசித்தார்.

இப்படிப் போனவர் திரும்பி வருவதற்குத்தான் திருச்செந்தூர் வழிவிட்டது. வழி என்றால் சாதாரண வழியா, ஒரு ஆளும் எதிரே வராத வழி. 1962 ஜூனில் இலாகா இல்லாத மந்திரி. இலாகா இல்லாத மந்திரிக்கு ஓட்டு விழாத தொகுதி, பொருத்தம் பத்துக்குப் பத்து. நவம்பரில் சீன யுத்தம், பொருளாதார-பாதுகாப்பு ஒருங்கிணைப்பு என்ற நீளமான பலகை. 1963இல், மூத்த மந்திரிகள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போகவேண்டும் என்ற காமராஜர் திட்டம் மொரார்ஜியை வெளியே அனுப்ப, மறுபடி நிதி. இந்தியாவின் சாவிக்கொத்து திருச்செந்தூர் எம்.பி.யின் இடுப்பில். 1964இல் யூனிட் டிரஸ்ட், அதே வருஷம் தொழில் வளர்ச்சி வங்கி, என்று பெரிய பெரிய பலகைகளாகத் திறந்துகொண்டே போனார்.

அவர் காலத்தில் கிராமத்துக்கு மிகவும் சம்பந்தப்பட்ட சண்டை ஒன்று அமைச்சரவைக்குள்ளேயே நடந்தது. சண்டைக்காரர்கள் இரண்டு பேரும் தமிழர்கள். ஒருவர் பொள்ளாச்சிக்காரர் சி. சுப்பிரமணியம், 1964இல் உணவு, வேளாண்மை அமைச்சர். விவசாயிக்கு நல்ல விலை கொடு, புது விதை கொடு, ரசாயன உரம் கொடு, அவன் விளைவித்துக் காட்டுவான் என்றார். உரத்துக்கு அந்நியச் செலாவணிக்கு எங்கே போவது, விலையை ஏற்றினால் பட்டணத்தில் விலைவாசி என்னாவது என்றார் டி.டி.கே. அவருக்கு உருக்காலை மேல் பிரியம். யூரியா மேல் இல்லை. சுப்பிரமணியம் தோற்கவில்லை, 1965இல் வேளாண் விலைக் கமிஷனும் இந்திய உணவுக் கழகமும் வந்தன, பிறகு பசுமைப் புரட்சி என்று பெயர் வைத்தார்கள். கண்முன்னே அந்தக் காட்சியை ஓட்டிப் பாருங்கள்: தேரிக்காட்டுச் செம்மண்ணும் உப்பளமும் பனையும் நிறைந்த தொகுதியின் உறுப்பினர், வயலுக்கு உரம் வாங்கக் காசு இல்லை என்று வாதாடுகிறார். அவருடைய தொகுதியில் பாதி இடத்தில் உரம் போட்டாலும் முளைக்காது என்பதால் அவர் வாதத்தில் ஒருவித நேர்மை இருந்ததாகவும் கொள்ளலாம். பத்தே வருஷத்தில், 1975இல், திருச்செந்தூரிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளித் தூத்துக்குடியில் ஸ்பிக் ஆலை யூரியாவை மூட்டை மூட்டையாகக் கக்கத் தொடங்கியது.

துறைமுகமும் அப்படித்தான். 1964இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வந்து தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலையைத் தொடங்கிவைத்தார். 1965 டிசம்பர் 31ஆம் தேதி டி.டி.கே. ராஜினாமா செய்தார். அவர்மீது எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கொடுத்த மனுவைத் தலைமை நீதிபதியிடம் காட்டி அபிப்பிராயம் கேட்கலாம் என்றார் சாஸ்திரி. இவர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது தடவையாக நிதி அமைச்சர் நாற்காலி காலி. பதினோரே நாளில் சாஸ்திரியும் தாஷ்கண்டில் காலமானார். 1974இல் டி.டி.கே. மறைந்தார், அதே வருஷம் ஜூலையில்தான் தூத்துக்குடி நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

1967க்கு வருவோம். இந்தத் தடவை திருச்செந்தூர் அண்ணாச்சிக்கு இரண்டு சீட்டும் கிடைத்தது. ஐந்து வருஷமாகக் கையில் சேர்த்துவைத்திருந்த முத்திரையை எங்கே குத்தினார் தெரியுமா? சுதந்திரா கட்சியில். ராஜாஜி 1959இல், ஐந்தாண்டுத் திட்டத்தையும் பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யத்தையும் ஒழித்துக்கட்டுவதற்காகவே தொடங்கிய கட்சி! திட்டத்தின் பெரிய பூசாரி ஐந்து வருஷம் இருந்த தொகுதி, கேட்ட முதல் சந்தர்ப்பத்திலேயே திட்டமே வேண்டாம் என்ற கட்சியின் சந்தோஷத்தை அனுப்பியது. சந்தோஷம் என்பது வேட்பாளரின் பெயர். ஊரின் மனநிலையும் அதுதான் என்று வைத்துக்கொண்டாலும் பாதகமில்லை. தி.மு.க. கூட்டணி அலையும், ரூபாய்க்கு மூன்று படி அரிசி வாக்குறுதியும் சேர்ந்துதான் இதைச் செய்தன என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். விருதுநகரில் காமராஜரே தோற்ற வருஷம் அது. இருக்கட்டும்.

கே.டி. கோசல்ராம் வந்தபிறகுதான் அந்த நாற்காலிக்கு உள்ளூர் வாசனை வந்தது. விடுதலைப் போராட்டக்காரர், 1977, 1980, 1984 என்று மூன்று தடவை ஜெயித்தார், ஓட்டு விழுந்தே ஜெயித்தார். மணிமுத்தாறு அணைக்காக ஓயாமல் தொண்டை வறளப் பேசியவர் என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இரும்பும் செலாவணியும் இல்லை, தண்ணீர். தேரிக்காட்டுக்காரனுக்குத் திட்டம் என்றால் முதலில் அதுதான். அவர் காலத்தில், 1979இல், தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 210 மெகாவாட்டோடு புகைவிட்டது. பிறகு நாலு அலகு சேர்ந்து மொத்தம் 1,050. நிலக்கரி வடக்கேயிருந்து கப்பலில் வரும், மின்சாரம் கம்பியில் போகும், சாம்பல் மட்டும் இங்கேயே தங்கும்.

1998இல் 'கரகாட்டக்காரன்' பட நாயகன் ராமராஜன் அ.தி.மு.க. சார்பில் இதே தொகுதியிலிருந்து டெல்லிக்குப் போனார். 1999 ஏப்ரலில் அந்தக் கட்சி ஆதரவை விலக்கி எதிர்த்து ஓட்டுப் போட, வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. ஓட்டே இல்லாமல் ஒரு நிதி அமைச்சரைத் தந்த தொகுதி, ஒரு ஓட்டுக்கு என்ன விலை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டது. 2008 மறுசீரமைப்பில் தொகுதியே காணாமல் போய், தூத்துக்குடி என்ற பெயரில் வந்தது.

அதே பக்கத்தில் இன்னொரு திட்டக்கதையும் உண்டு: உடன்குடி அனல்மின் திட்டம், தலா 660 மெகாவாட்டில் இரண்டு அலகு. அதன் வரலாற்றைக் கடற்கரையில் நடக்கும் சூரசம்ஹாரத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் விளக்க முடியும். யானைத் தலை போகும், சிங்கத் தலை வரும், அது போனால் சொந்தத் தலை, அதுவும் போனால் மாமரம். முதலில் மத்திய அரசின் பெல் நிறுவனத்தோடு கூட்டு. 2012இல் கூட்டு வேண்டாம், மாநிலமே தனியாகக் கட்டும் என்றார்கள். டெண்டர் விட்டார்கள். 2015இல் டெண்டரை ரத்து செய்தார்கள். கோர்ட்டுக்குப் போனார்கள். மறுபடி டெண்டர். 2017 கடைசியில் வேலை யாருக்குக் கிடைத்தது தெரியுமா? பெல்லுக்கு. இத்தனை தலை மாறிய ஊரில் உடன்குடிக் கருப்பட்டி தன் பாட்டுக்கு விண்ணப்பம் போட்டுப் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது.